கடைசி அசை

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வீட்டு அறைக்குள் உட்கார்ந்து பாட்காஸ்ட் பதிவு செய்யப் பார்ப்பவர் சீக்கிரமே பொறுமை இழந்துவிடுவார். மேம்பாலத்துக்குக் கீழே ரயில் ஹாரன். ஹென்னூர் சாலையில் பேருந்துகளின் பிரேக். அஞ்சல் முகவரியில் செயின்ட் தாமஸ் டவுன் என்று எழுதப்படும் இந்தப் பக்கத்தில் தேவாலய மணியும் பாங்கும் கோயில் ஒலிபெருக்கியும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுத்தான் ஒலிக்கின்றன. அந்த இடைவெளியைக் காய்கறி வண்டிக்காரரின் ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளும். சுவர் முழுக்க நுரைப்பஞ்சு ஒட்டிப் பார்க்கிறார்கள். நுரைப்பஞ்சு அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, தெருவிலிருந்து வருவதை நிறுத்தாது. எப்படியும் சத்தத்தோடுதான் பிழைக்க வேண்டும் என்றால், சத்தத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிற இடத்துக்கே ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று கிளம்பியதுதான் இந்தத் தொழில்.

போக இடத்துக்குப் பஞ்சமில்லை. அல்சூர் ஏரிக்கு எதிரே, 1950-ல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். சிவாஜிநகரில் தூய மரியன்னை பேராலயம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 தேர் வரை அந்தப் பக்கம் முழுக்கத் தமிழ் கேட்கும். டொம்ளூரில் பெங்களூர் சர்வதேச மையம். 2012-ல் தொடங்கிய இலக்கிய விழா. சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் 1939 முதல் நடந்துவரும் ராமநவமி இசை விழா. இங்கெல்லாம் பேச வந்தவர்களையும் கேட்க வந்தவர்களையும் ஓரமாக நிறுத்தி, இருபது நிமிடம் பேச வைத்து, ஊர் முழுக்க இரைச்சல் இருந்தும் ஒரு சொல் நழுவாமல் கொண்டுவருவது என் வேலை.

ஒரு சொல் நழுவாமல் என்று சொல்வது எளிது. நழுவுவது எந்தச் சொல் என்று கவனித்தால் அது கிட்டத்தட்ட எப்போதும் கடைசிச் சொல்லாகவே இருக்கும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. யார், எங்கே, எதற்கு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் நடந்ததா நடக்கவில்லையா என்பதே தெரியும். ‘அவரு அன்னிக்குக் கூட்டத்துக்கு வரல’, ‘வரலாம்’, ‘வர்றாரு’, ‘வந்தாரு’. இவற்றுக்குள் வித்தியாசம் ஓரிரு அசை. அந்த அசை வருகிற நேரத்தில்தான் பேசுகிறவருக்கு மூச்சு தீர்ந்து குரல் தணிந்திருக்கும். வாக்கிய முடிவில் நிற்கும் உகரமோ இன்னும் மெலிந்தது. அமைதியான அறையில்கூட அரை மனதோடுதான் ஒலிக்கும். திருவிழாக் கூட்டத்தில் கேட்க வேண்டுமா? ஆங்கிலக் கையேடுகள் இதைப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் ‘இல்லை’ வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். வால் அறுந்தாலும் பொருள் தப்பிவிடும். நமக்கு வாலில்தான் உயிர். ஆகவே மைக் வாங்குவது, நிற்கும் இடம் தேடுவது, கேள்வி கேட்பது, எடிட் செய்வது எல்லாமே அந்தக் கடைசி அசையைக் கரை சேர்ப்பதற்காகத்தான் என்று வைத்துக்கொண்டுவிட்டேன். அப்படி வைத்துக்கொண்டால் பல முடிவுகள் தாமாகவே எடுக்கப்பட்டுவிடும்.

முதல் முடிவு தூரம். ஒலி பிறக்கும் இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும். சுற்றுப்புற இரைச்சல் எங்கிருந்தோ பரவலாக வருவதால் அது அப்படியே இருக்கும். 64 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 32-க்கும், 16-க்கும், 8-க்கும் கொண்டுவந்தால் குரலுக்கு 18 டெசிபல் லாபம். எத்தனை விலை கொடுத்து மைக் வாங்கினாலும் அந்த 18 டெசிபல் கடையில் கிடைக்காது. 8 சென்டிமீட்டர் என்றால் நாலு விரல் அகலம். என் நாலு விரலைத் தாடைக்கும் மைக்குக்கும் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்குவேன். விருந்தினர்களில் சிலர் இதை ஏதோ சடங்கு என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உடம்பு தளர்ந்தால் நல்லதுதான்.

பி.பி.சி. ஒலிபரப்பாளர்கள் 1930-களிலேயே இதன் எல்லைக்குப் போய்விட்டார்கள். விளையாட்டு வர்ணனையாளரின் மேலுதட்டில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு மைக் செய்தார்கள். மைதானமே கத்தினாலும் அது உதட்டை மட்டும் கேட்கும். நம் பக்கத்தில் அந்தக் கருவி இல்லாமலே அந்த நெருக்கத்தைக் காதுக்குக் கொடுத்தவர்கள் வானொலிக்காரர்கள். சேப்பாக்கத்திலிருந்து அப்துல் ஜப்பாரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். கூட்டம் அவருக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் குரலின் மேல் ஏறி உட்காரவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை நேர்முக வர்ணனையாகத் தந்தவர்களும் அப்படித்தான். பாட்காஸ்ட் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டு நாம் செய்வதில் பாதி, வானொலி நிலையத்தின் வெளியிட ஒலிப்பதிவுக் குழு வேனில் ஏறிப் போய்ச் செய்த வேலைதான். வேன் இப்போது தோள்பைக்குள் வந்துவிட்டது, அவ்வளவே.

மைக்கை விருந்தினர் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். தூரம் மாறும் என்பது ஒரு காரணம். ‘நான் போனப்போ’ என்று மார்பில் கை வைப்பார், மைக்கும் மார்புக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தமிழர் கையில் மைக் ஏறினால் அவருக்குள் ஒரு மேடை எழும்பிவிடும். கழுத்து நிமிரும், கை நீளும், ‘அன்பார்ந்த நேயர்களே’ என்று ஆரம்பிப்பார். ஒரு நிமிடம் முன்பு தேநீர்க் கடையில் தன் அப்பா கோலார் தங்கவயலில் எந்தச் சுரங்கத்தில் இறங்கினார், எந்த இருமலோடு வெளியே வந்தார் என்று அழகாகச் சொன்ன மனிதர், மைக் வந்ததும் உழைக்கும் வர்க்கத்தின் தியாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். மேடைப்பேச்சு நமக்கு வாய்த்த பெரிய கலை. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் காதுக்குள் செருகிய இயர்போனில் மேடைப்பேச்சு கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று எழுந்து நின்று நம்மிடமே உரக்கப் பேசுகிற சங்கடம். ஆகவே மைக் என் கையில், அவர் தாடைக்குக் கீழே, கண் படாத கோணத்தில். இரண்டு நிமிடத்தில் அதை மறந்துவிடுவார். மறந்த பிறகு வருவதுதான் நிகழ்ச்சி. அதற்கு முந்தியதை நான் பெரும்பாலும் வெட்டிவிடுவேன்.

சட்டையில் குத்தும் சின்ன மைக்கைப் பற்றிக் கேட்பார்கள். உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிக்கு அது சரி. திருவிழாவில் வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் தூரம் விழுந்துவிடுகிறது. நாலு விரலோடு ஒப்பிட்டால் நஷ்டம் 8 டெசிபலுக்கும் மேல். பட்டுப்புடவைச் சரிகை உரசும், தாலிச் சங்கிலி தட்டும், அங்கவஸ்திரம் சரசரக்கும். பெண்களிடம் மைக்கைக் கொடுத்து ‘நீங்களே குத்திக்கோங்கக்கா, உங்களுக்குத் தோதான இடத்துல’ என்று திரும்பி நின்றுகொள்வதே முறை. இன்னொரு தொல்லை, கம்பியில்லா மைக்குகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. ஆயிரம் பேர் சட்டைப்பையிலும் வைஃபை தேடும் கைப்பேசி இருக்கும் இடத்தில் அது திக்கித் திணறும். மைக்கிலேயே உள்பதிவு வசதி இருந்தால் மட்டும் எடுத்துப் போவேன்.

நிற்கும் இடம் பற்றி ஒரு தலைகீழ் விஷயம். எல்லோரும் இயல்பாக விருந்தினரை ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி நிறுத்துவார்கள், அவருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதே என்று. அப்படி நிறுத்தினால் வாயை நோக்கி நீட்டிய மைக் அவர் தோளுக்கு மேலாக நேரே ஒலிபெருக்கியைப் பார்க்கும். 1966-லிருந்து உலகத்து மேடைகளிலெல்லாம் இருக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற ஒருதிசை மைக்குக்கு முதுகுப்பக்கம்தான் காது மந்தம். ஆகவே சத்தம் மைக்கின் முதுகில் விழ வேண்டும். அதாவது விருந்தினர் சத்தத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அவருக்குப் பின்னால் மெத்தென்ற ஏதாவது இருக்க வேண்டும். சத்தத்தைப் பார்த்து நிற்பவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்பது கூடுதல் லாபம். எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் உயர்த்திய குரலில் யாரும் ரொம்ப நேரம் பேச முடியாது. இருபது நிமிடத்துக்கு மேல் இழுத்தால் தொண்டை களைத்து, கடைசி அசை மறுபடி அமுங்கத் தொடங்கும். நிகழ்ச்சியின் நீளத்தை நான் தீர்மானிப்பது கேட்பவரின் பொறுமையை வைத்து அல்ல, பேசுபவரின் தொண்டையை வைத்து.

பின்னால் மெத்தென்று இருப்பதற்குப் புத்தக அலமாரியைப் போல ஒன்று கிடையாது. விதவிதமான கனத்தில், விதவிதமான ஆழத்தில் காகிதம் அடுக்கியிருக்கும். ஒலி அதில் போய்ச் சிதறிவிடும், திரும்பாது. புத்தகக் கண்காட்சியில் இரண்டு அலமாரி வரிசைக்கு நடுவில் நிற்க இடம் கொடுக்கும் பதிப்பாளர் என் குலதெய்வம். மோசமான இடம் எது என்றால் புதுசாகக் கட்டிய அரங்கங்களின் வரவேற்புக்கூடம். கிரானைட் தரை, கண்ணாடிச் சுவர், உயரமான கூரை. கண்ணுக்கு எத்தனை அமைதி! கை தட்டிப் பார்த்தால் அரங்கம் பதிலுக்குத் தட்டும். அங்கே ஒவ்வொரு சொல்லின் மேலும் முந்தின சொல்லின் எதிரொலி படிந்து, வாக்கிய முடிவு கூழாகிவிடும். அதைவிட மாமரத்தடி மேல். எதுவும் கிடைக்காவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார். இருக்கை மெத்தை, துணி விரித்த மேற்கூரை, ரப்பர் அடைப்பு எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஸ்டுடியோ, ஏ.சி.யை மட்டும் அணைக்க வேண்டும், வியர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சத்தத்தையும் சகிக்கலாம், பாட்டைத்தான் சகிக்க முடியாது. ஜெனரேட்டர் உறுமல், கூட்டத்தின் முணுமுணுப்பு, மழை, இவையெல்லாம் எங்கே வெட்டி எங்கே ஒட்டினாலும் ஒன்றுபோலவே ஓடும். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் முடிந்தது கதை. பேச்சில் நாலு வாக்கியத்தை வெட்டினால் பாட்டு பல்லவியிலிருந்து சரணத்தின் நடுவுக்குத் தாவும். கேட்பவர் பேச்சை விட்டுவிட்டுப் பாட்டின் காலில் தடுக்கி விழுவார். எடிட் செய்யவே முடியாத பதிவு அது; உரிமைச் சிக்கல் வேறு. ராமநவமிப் பந்தலில் வித்வான் ஆலாபனையைத் தொடங்கிவிட்டால் ரெக்கார்டரை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து கேட்பதே நியாயம். கச்சேரி அவருடையது, பாடகருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் தங்கள் நிகழ்த்துதல் மேல் உரிமை உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு வேண்டியது இடைவேளையில் காபிக்கு வரும் ரசிகரின் பேச்சு. நாற்பது வருஷமாகக் கச்சேரிக்கு வந்துகொண்டிருப்பவரின் ஞாபகம் எந்த ஒலிப்பேழையிலும் இருக்காது.

மேடையில் நடப்பதையே பதிவு செய்ய வேண்டியிருந்தால் மைக்செட்காரரின் தயவு வேண்டும். ‘அண்ணா, ஒந்து அவுட் கொடி’ என்று கன்னடத்தில் ஆரம்பித்தால், ‘எந்த ஊருப்பா நீ, தமிழா?’ என்று திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழில் பதில் வரும். நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போக வேண்டும். தொடங்கிய பிறகு போய்க் கேட்டால் எந்த மனிதருக்கும் கோபம்தான் வரும். அவர் மிக்ஸரிலிருந்து வரும் லைன், மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தத்தைவிடப் பல நூறு மடங்கு பலமானது. ரெக்கார்டரில் உள்வாங்கியை லைனுக்கு மாற்றாமல் செருகினால் கரகரவென்று கிழிந்த ஒலிதான் கிடைக்கும். ரெக்கார்டர் பேட்டரியில் ஓட வேண்டும். சுவர் பிளக்கில் போட்டால் பல இடங்களில் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரம் கூடவே ஏறிக்கொள்ளும். ஏறிவிட்டால் தடுப்பதற்கு ஒரு சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பையில் எப்போதும் இருக்கும்.

லைன் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு அதிர்ச்சி காத்திருக்கிறது. முதலாவது, மிக்ஸர் லைனில் சபை இருக்காது. பேச்சாளர் ஒரு நகைச்சுவை சொல்லி, சிரிப்புக்காக நிறுத்துவார். லைனில் கேட்டால் அங்கே வெறும் சூன்யம், செவிடர்களிடம் பேசுகிறாற்போல. சபையைப் பார்த்து இன்னொரு மைக் ஜோடி வைத்தே தீர வேண்டும். அதை இருபது மீட்டர் தள்ளி வைத்தால் பேச்சாளர் குரல் அதற்குள் போய்ச் சேர ஏறத்தாழ 60 மில்லிசெகண்ட் தாமதமாகும்; கணினியில் அந்த அளவு முன்னே நகர்த்தாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும். இரண்டாவது, நம் மேடை வழக்கம். தமிழ்ப் பேச்சாளர் வாக்கியத்தை முடிக்கும்போது தலைவரைத் திரும்பிப் பார்ப்பார். ‘...அப்படித்தானே ஐயா?’ என்று பணிவாக. முகம் மைக்கை விட்டுப் போய்விடும், கூடவே வினையும் போய்விடும். தமிழ்ச் சங்கக் கூட்டங்கள் போன்ற இடங்களில் தலைவர் நாற்காலிக்கு முன்னாலும் ஒரு மைக் உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வது இதற்காகத்தான். திரும்பிய முகத்தை அது பிடித்துக்கொள்ளும்.

கருவிகளைப் பற்றி நீட்டிப் பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. 32 பிட் ஃப்ளோட் பதிவு வந்தபிறகு, 2019-ல் வெளியான ஸூம் எஃப்6 போன்ற கருவிகளுக்குப் பிறகு, ஒலியளவை நிமிஷத்துக்கு நிமிஷம் திருகிக்கொண்டிருக்கும் பதற்றம் குறைந்திருக்கிறது. தேர் வரும்போது கூட்டம் கத்தினாலும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்காமல் திணறியதை எந்த பிட்டும் சரிசெய்யாது, தூரத்தில் வைத்த மைக்கைக் கிட்டே கொண்டுவராது. பழைய 24 பிட் கருவியில் உச்ச அளவு -12 டெசிபலைத் தொட்டு ஆடும்படி வைத்தாலும் அருமையாகத்தான் இருக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்குச் சுமார் 520 மெகாபைட். ஆடி மாதக் காற்றுக்கு மைக்கின் மேல் ரோமத் தொப்பி. காதில் மூடிய ஹெட்ஃபோன், அதுவும் பதிவு முழுக்க. இதில் மட்டும் சமரசம் கிடையாது. கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது காது ஏமாறும். உதடு அசைவதைப் பார்த்து விடுபட்ட அசையை மூளை நிரப்பிக்கொள்ளும். கேட்கப்போகிறவருக்கு உதடு தெரியாது. ஹெட்ஃபோனில் வினை விழவில்லை என்றால், ‘ஐயா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க, வண்டி போயிடுச்சு’ என்று வண்டி மேல் பழியைப் போட்டுக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ரெண்டாம் தடவை பெரும்பாலும் இன்னும் தெளிவாகவே சொல்வார்கள்.

கேள்வி கேட்பவரே கடைசி அசைக்குப் பகையாகும் தருணமும் உண்டு. கதை சொன்னால் ‘ம்’ கொட்ட வேண்டும் என்று பாட்டிகள் பழக்கி வைத்த சமூகம் இது. ‘ம்’ வராவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார், தூங்கிட்டியா என்று கேட்பார். நம் ‘ம்’, ‘ஆமா’, ‘அப்படியா’ எல்லாம் மிகச்சரியாக எங்கே விழும்? வாக்கிய முடிவில், வினையின் மேல். நானும் விருந்தினரும் ஒரே மைக்கில் பேசும்போது அதைப் பிரிக்கவே முடியாது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுவேன்: ‘நான் வாய் திறக்க மாட்டேன், தலையை மட்டும் ஆட்டுவேன், தப்பா எடுத்துக்காதீங்க.’ தலையாட்டலிலும் புருவத்திலும் ‘ம்’ கொட்டக் கற்றுக்கொள்வது எந்த மென்பொருளையும்விடப் பெரிய பயிற்சி. அவர் முடித்த பிறகு ஒரு மூச்சு நேரம் காத்திருந்து அடுத்த கேள்வி. அந்த மூச்சில் பல பேர் தாமாகவே இன்னொரு வாக்கியம் சேர்ப்பார்கள், அநேகமாக அதுதான் நிகழ்ச்சியின் நல்ல வாக்கியமாக இருக்கும்.

செப்டம்பர் 8 சிவாஜிநகருக்கு வருவோம். 1882-ல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம். அருகே ரஸ்ஸல் மார்க்கெட். புடவை சாத்திய மாதா. காவி உடுத்திய பக்தர்கள். கம்பத்துக்குக் கம்பம் கட்டிய ஒலிபெருக்கி. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. தேர் நாளில் அதை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. இங்கே ‘அமைதியான மூலை’ தேடுவது வீண். நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். முதலில் ஆள் இல்லாமல் இடத்தை மட்டும் பதிவு செய்வது: ஸ்டீரியோ மைக்கைக் கையில் பிடித்து, ஒரே இடத்தில் அசையாமல், மூன்று நான்கு நிமிடம். மெழுகுவர்த்தி விற்பவர்கள், செபமாலை முணுமுணுப்பு, மார்க்கெட்டின் கூலி வண்டிகள், மணி. பிறகு ஆட்களை ஒரு தெரு தள்ளி அழைத்துப் போய், நாலு விரல் தூரத்தில் பேச வைப்பது. இரண்டையும் வீட்டில் வந்து கலக்கும்போது இரைச்சல் எவ்வளவு வேண்டும் என்பது என் கையில் இருக்கும். மேலும் இரவு பத்துக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும் என்பது அதே விதி. பத்தேகாலுக்குப் படிக்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும், யாருக்கும் அவசரமும் இருக்காது. மண்டியிட்டு அழுகிறவரின் பக்கத்தில் மட்டும் மைக்கைக் கொண்டுபோக மாட்டேன். அது எவ்வளவு ‘நல்ல ஒலி’யாக இருந்தாலும் எனக்குச் சொல்லப்பட்டதல்ல.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இளைஞர்கள் கேட்பது ஒன்று: ‘எதுக்கு சார் இவ்வளவு? இப்ப ஏ.ஐ.ல போட்டா ஒரே கிளிக்ல கிளீன் ஆயிடுமே.’ ஆகும். தேவாலய மணியும் கிளீன் ஆகும், ரஸ்ஸல் மார்க்கெட்டும் கிளீன் ஆகும். மிஞ்சுவது எங்கேயோ ஓர் அறையில் பேசுகிற யாரோ ஒருவர். சிவாஜிநகருக்கு ஏன் போனோம்? அதுகூடப் போகட்டும். இரைச்சலைக் கத்தரிக்கும் கருவிகளுக்கு எது பேச்சு, எது மிச்சம் என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. குரல் தணிந்த இடத்தில் அவை கத்தரியைப் போடுகின்றன. பழைய நாய்ஸ் கேட் ‘வந்தது’ என்பதை ‘வந்தத்’ என்று முடித்துவைக்கும். புதியவை இன்னும் நாசூக்காகச் செய்கின்றன. அமுங்கிய ஓர் அசைக்குப் பதில் தமக்குத் தெரிந்த ஏதோ ஓர் ஒலியை வழுவழுப்பாக வைத்துவிடுகின்றன. ழகரத்தையும் ளகரத்தையும் அவை ஒன்றாக்குவதை என் காது பலமுறை பிடித்திருக்கிறது. ஐந்து டெசிபல், ஆறு டெசிபல் குறைக்க மட்டும் பயன்படுத்துவேன். குறைத்த பிறகு வாக்கிய முடிவுகளை மட்டும் வரிசையாக மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்பேன். ‘வரல’ ‘வரலாம்’ ஆகிவிட்டால் அது ஒலிக்கோளாறு இல்லை, பொய்.

இயற்பியலால் விளக்க முடியாத ஓர் அமுக்கமும் இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991-லிருந்து 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் திறக்கப்பட்டது. நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை. சிலையின் கதையைப் பேச வயதானவர் ஒருவரைச் சிலைக்குப் பக்கத்திலேயே நிறுத்துவதுதான் பொருத்தம் என்று யாருக்கும் தோன்றும். காற்று இல்லை, பருந்துகள் கத்துவதுகூட அழகாக விழுகிறது. ஆனால் பேச்சு, தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைத் தொட்டதும் அவர் கண் நடைபாதையில் போகிறவர்கள் மேல் ஓடும். வாக்கியம் பாதி வரை தெளிவாக வந்து, வினைக்குப் பதில் ஒரு கையசைப்பில் முடியும். ‘கடையை எல்லாம்... அப்புறம் பசங்களை நாங்க...’ என்ன ஆயிற்று கடைக்கு, என்ன செய்தார்கள் பிள்ளைகளை? மைக் நாலு விரல் தூரத்தில்தான் இருக்கிறது, எந்த இரைச்சலும் இல்லை, இருந்தும் கடைசி அசை இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ, வீட்டுச் சமையலறைக்குள்ளோ போய் உட்கார்ந்தால் வினை வரும். அந்த நாட்களில் கதவைத் தட்டிச் சோறு கொடுத்த கன்னடக்காரப் பக்கத்து வீட்டம்மாவும் அப்போதுதான் வருவார். வெளியிடப் பதிவுக்கு இடம் தேர்வதென்றால் எதிரொலியையும் ஜெனரேட்டரையும் பார்ப்பதோடு, இந்த மனிதர் இந்த இடத்தில் வாக்கியத்தை முடிப்பாரா என்றும் பார்க்க வேண்டும். முடிக்க மாட்டார் என்று பட்டால் காட்சிப் பொருத்தத்தைக் கைவிட்டுவிடுவேன். ஏரியை அப்புறம் தனியாகப் பதிவு செய்து சேர்த்துக்கொள்ளலாம். ‘இதைப் போடாதீங்க தம்பி’ என்று அவர் சொன்ன பகுதியை அன்றைக்கே அழித்துவிட்டு, அழித்ததை அவருக்குக் காட்டிவிடுவேன்.

கலவையைப் பற்றிக் கொஞ்சம். ஒற்றைத் தடத்துக்கு -19, ஸ்டீரியோவுக்கு -16 எல்.யு.எஃப்.எஸ். என்ற உரப்பளவில் குரலை நிறுத்துகிறேன். பாட்காஸ்ட் உலகில் பரவலாக உள்ள கணக்கு அது. இடத்தின் ஒலி அதற்கு 18 டெசிபலாவது கீழே. நிகழ்ச்சி தொடங்கும்போது மட்டும் முதல் பத்து விநாடி ஊரை மேலே விட்டு, குரல் வந்ததும் இறக்குவேன். வாக்கிய முடிவுகளில் கையால் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுவேன், ஒவ்வொன்றாக, ஒரு மணி நேரப் பேச்சுக்கு அரை நாள் பிடிக்கும் வேலை. தானியங்கிக் கம்பிரசரை நம்பி விடலாம். ஆனால் அது வினையோடு சேர்த்து அடுத்து வரும் மூச்சையும் ஆட்டோவையும் ஏற்றிவிடுகிறது.

வெளியிடுவதற்கு முன் கோப்பைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு, நடைபாதைக் கடையில் கிடைக்கும் மலிவான இயர்போனைச் செருகிக்கொண்டு, சிவாஜிநகர் போகும் பி.எம்.டி.சி. பேருந்தில் பின்சீட்டில் ஏறிவிடுவேன். என் நிகழ்ச்சியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சினுக்கு மேல் இருக்கும் இருக்கை, மேம்பால ஏற்றம், நடத்துநர் விசில். எந்த நிமிடத்தில் எந்த வினை கேட்கவில்லை என்று டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொள்வேன். திரும்பும் பேருந்தில் இன்னொரு தடவை.